ரசிகர்களைத் தாய்தந்தையராகக் கொண்ட கலைஞர் பாலகந்தர்வர்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, மராட்டிய மண்ணில் வேரூன்றியவர்கள் நாம். வந்த இடத்தில் நம் மொழியும் கலையும் மங்கிவிடலாகாது என்ற கவலையினால் சங்கம் கண்டோம். ஆண்டுதோறும் விழா எடுத்து, மேடை கட்டி, நாடகமும் ஆடி வருகிறோம். ஆனால், நமக்கு இருக்க இடமும் உண்ண உணவும் அளித்த இம்மண்ணின் கலைச் செல்வர்களைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்? இக்கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொண்டால், விடை கூறச் சற்றே நாணவேண்டியிருக்கும். அக்குறையில் ஒரு சிறு பகுதியையேனும் போக்கும் கருத்துடன், மராட்டிய சங்கீத நாடக மேடையின் முடிசூடா மன்னராக, அல்ல, முடிசூடா அரசியாக விளங்கிய பாலகந்தர்வரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

அரசி என்று நாம் கூறியது வாய் தவறியன்று. புனே நகரத்தில் ஜங்கிலி மகாராஜ் சாலையில் அவர் பெயரால் அமைந்த நாடக அரங்கை நம்மவர்களுள் பலர் அறிவர். அவ்வரங்கத்திற்கென்று ஓவியர் கோபால் தேவுஸ்கர் இரண்டு ஆளுயரப் படங்கள் தீட்டியுள்ளார். ஒன்றில் எளிய உடையணிந்த ஓர் ஆடவர். மற்றொன்றில் பட்டும் நகையும் பூண்ட ஒரு பெண்மணி. இரண்டும் வெவ்வேறு மனிதர்களின் உருவங்கள் என்றே புதிதாய்க் காண்பவர் எண்ணுவர். இரண்டும் ஒருவரே! அந்த ஆடவரை நாடு மதித்தது. அந்தப் பெண்மணியையோ நாடு காதலித்தது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஒரு வாழ்வின் கதைதான் நாம் இங்குச் சொல்லப் புகுவது.

கதைக்குள் புகுமுன் ஒன்றை நினைவிற் கொள்வது நலம். மராட்டிய நாடகத்திற்கும் தமிழகத்திற்கும் பழைய உறவு உண்டு. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களுள் ஒருவரான ஷாஹாஜி, தம் தாய்மொழியில் நாடகங்கள் இயற்றினார். அவர் காலத்துச் சுவடிகள் தஞ்சை சரசுவதி மகாலில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மராட்டிய நாட்டிலேயே சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே முதல் நாடகத்தை மேடையேற்றியது 1843-இல்தான். பிழைக்க வந்த நாம் இங்கே தமிழ் நாடகம் ஆடுவதுபோல், ஆள வந்த அவர்கள் அங்கே மராத்தி நாடகம் கண்டார்கள். ஆதலின், மராட்டிய மேடை நமக்கு முற்றிலும் அயலான வீடு அன்று.

1880-ஆம் ஆண்டு அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் என்பார் காளிதாசனின் சாகுந்தலத்தை மராத்தியில் ஆக்கி, பாட்டும் வசனமும் கலந்து பூனாவில் அரங்கேற்றினார். அதுகாறும் சூத்திரதாரி ஒருவரே பாட, மற்றவர் நடிப்பது என்றிருந்த வழக்கம் மாறியது. நடிப்பவரே பாடவும் வேண்டும் என்ற புது முறை பிறந்தது. இந்துஸ்தானி இசையோடு கன்னட நாட்டு மெட்டுக்களும் கர்நாடக இசை மெட்டுக்களும் அதிற் கலந்தன. 1882-இல் வந்த சௌபத்ரம் அம்முறையை நிலைநிறுத்தியது. கிர்லோஸ்கர் நாடக மண்டலி வீட்டுக்கு வீடு பேசும் பெயராயிற்று. அக்குழுவில் ஸ்திரீபார்ட் ஏற்றுப் பாடிய பாவுராவ் கோல்ஹட்கர் 1901-இல் மறைந்ததும், மண்டலி விளக்கிழந்த வீடாகிப் போனது. அவ்விடத்தை நிரப்ப ஒரு குரலைத் தேடி நிர்வாகிகள் அலைந்துகொண்டிருந்தனர்.

அக்குரலுக்கு உரியவர் 1888-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் பிறந்திருந்தார். நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். சாங்லிப் பக்கத்து நாகடாணே என்னும் சிற்றூரைச் சேர்ந்த, பெருஞ் செல்வம் இல்லாத குடும்பம். படிப்பில் சிறுவனுக்கு நாட்டம் இல்லை. பாட்டிலோ வேறு நினைவே இல்லை. ஏறக்குறைய பத்து வயதில், பூனாவில் லோகமான்ய திலகரின் முன் பாடும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டிற்று. பாட்டைக் கேட்டு மகிழ்ந்த திலகர், அவனைப் பாலகந்தர்வன் என்று பாராட்டினார். சிறுவன் என்றும் கந்தர்வன் என்றும் பொருள்படும் அப்பெயர், எழுபத்தொன்பது வயதில் உயிர் பிரியும்வரை அவரை விட்டு அகலவில்லை. தந்தை இட்ட பெயரை ஊர் மறந்தது. தலைவர் இட்ட பெயரே நிலைத்தது.

இளமையிலேயே அவருக்குக் காது கேட்பதில் ஒரு குறை நேர்ந்தது. பாடுகிறவனுக்குக் காதன்றோ முதல் குரு! கலைஞர்களைப் பேணுவதில் பெயர் பெற்ற கோலாப்பூர் அரசர் சாஹு மகாராஜா, மீரஜ் நகரத்து மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்தார். கிர்லோஸ்கர் மண்டலியில் அவரைச் சேர்ப்பதற்கும் அவ்வரசரின் ஆதரவே துணையாயிற்று. 1905-இல், பதினேழு வயதில், எந்த நாடகத்தால் அம்மண்டலி பிறந்ததோ அந்தச் சாகுந்தலத்திலேயே சகுந்தலையாக அவர் மேடையேறினார். மண்டலி தேடிக்கொண்டிருந்த குரல் கிடைத்துவிட்டது என்பதை அன்றே யாவரும் உணர்ந்தனர்.

அக்காலத்தில் நற்குடிப் பெண்கள் மேடையேறுவது நினைத்தற்கும் அரிய செயல். ஆடவரே பெண் வேடம் பூண்டனர். நம் பாய்ஸ் கம்பெனிகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. செங்கோட்டை கிட்டப்பாவும் சிறுவனாய் இருந்தபோது பெண் வேடம் ஏற்றவரே. ஆயினும், பொதுவாக நம் நாட்டில் குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட் முடிந்துவிடும். பிறகு ராஜபார்ட்டுக்கோ, ஊருக்கோ திரும்பவேண்டியதுதான். பாலகந்தர்வர் அவ்வாறு வேடம் மாறவில்லை. முழு ஆடவரான பின்னும், இல்லறம் ஏற்ற பின்னும், முதுமை எட்டிப் பார்த்த பின்னும், மேடையில் அவர் தலைவியாகவே வாழ்ந்தார். ஆண் ஒருவன் பெண்ணைப்போலப் பேசிக் காட்டும் கேலியின் சாயல் அதில் அணுவளவும் இல்லை. நாடகாசிரியர் கோவிந்த பல்லாள தேவல் அவருக்கு நடிப்புக் கற்பித்தார். அடியெடுத்து வைப்பது எப்படி, தலைப்பைச் சரிசெய்வது எப்படி, எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துவது என்பன யாவும் அவர் பயிற்சியில் வந்தவை. இசையில் பாஸ்கர்புவா பகலே குருவாய் வாய்த்தார். குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர் பாணிகளை ஒருங்கே அறிந்த அவ்விசைப் புலவர், சீடனின் குரல் எது தாங்கும், எது தாங்காது என்பதை நன்கு உணர்ந்து கற்பித்தார்.

சுபத்திரையாகவும், கிழவனுக்கு மணம்பேசப்படும் சிறுமி சாரதையாகவும், மிருச்சகடிகத்து வசந்தசேனையாகவும் அவர் புகழ் ஏறிக்கொண்டே வந்தது. அப்புகழின் நடுவே 1911-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் வந்தது.

அன்று பம்பாயில் மானாபமானம் என்னும் புதிய நாடகத்தின் அரங்கேற்றம். எழுதியவர் திலகரின் கேசரியோடு தொடர்பு கொண்ட கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர். மெட்டமைத்தவர் கோவிந்தராவ் டேம்பே. ஏழைப் படைவீரனை மணக்க மறுத்து அவமதித்து, பின்னர் அவன் பண்பை உணர்ந்து மனம் மாறும் பாமினி என்னும் செல்வர் மகள் பாலகந்தர்வரின் பாத்திரம். ஊரெங்கும் பேச்சு, கொட்டகை நிரம்ப மக்கள். அதே நாளில் அவருடைய சின்னஞ்சிறு பெண் குழந்தை இறந்துபோயிற்று.

நாடகத்தை ஒத்திவைக்கலாம் என்று உடனிருந்தோர் கருதினர். அவர் இசையவில்லை. வந்திருக்கும் மக்களைத் திருப்பியனுப்புவது முறையன்று என்று கூறி, அரிதாரம் பூசிக்கொண்டார். பாமினி துயரப் பாத்திரம் அன்று; செருக்கும் விளையாட்டும் நிறைந்த இளநங்கை. குழந்தையைப் பறிகொடுத்த தந்தை, அன்றிரவு முழுதும் சிரித்துப் பாடினார். நாடகம் பெருவெற்றி கண்டது. பார்த்தவர்கள் புதுப் பாட்டுக்களை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பினர்.

இந்நிகழ்ச்சியைப் பாலகந்தர்வரின் கடமையுணர்ச்சிக்குச் சான்றாகக் கூறிப் போற்றுவது மராட்டியரின் மரபு. நாமும் போற்றுகிறோம். ஆயினும், ஒன்றை எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை. அன்றிரவு மேடையில் விளக்குகள் ஒளிர்ந்தபோது, வீட்டில் அக்குழந்தையின் தாய் லக்ஷ்மிபாய் இருந்தார். ஊரார் கைதட்டல் அவர் காதில் எவ்வாறு விழுந்திருக்கும்? பாலகந்தர்வர் ரசிகர்களை மாய்-பாப், அதாவது தாய்தந்தையர், என்று விளிப்பது வழக்கம். அது மேடை மரியாதைக்காகச் சொன்ன சொல் அன்று. அதை அவர் மெய்யாகவே நம்பினார். அந்நம்பிக்கைக்கு அவர் கொடுத்த முதல் விலை இது. பிற்காலத்தில் இன்னும் பல விலைகளை அவர் கொடுக்கவேண்டியிருந்தது. அவற்றுட் சிலவற்றை அவருடைய குடும்பமும் சேர்ந்தே கொடுத்தது.

1913-இல் கிர்லோஸ்கர் மண்டலியிலிருந்து விலகி, டேம்பேயுடனும் சிறந்த நடிகரான கணபதிராவ் போடஸுடனும் சேர்ந்து கந்தர்வ நாடக மண்டலியை நிறுவினார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அம்மண்டலிக்கு ஆதரவு நல்கினார். இதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மராட்டிய நாடக மேடையின் பொற்காலம் என்று பேசப்படுகின்றன. மேடையில் காட்டும் எதுவும் போலியாக இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. தலைவியின் உடலில் மெய்யான பைட்டணிப் பட்டு. காதிலும் கழுத்திலும் மெய்யான பொன். வருகிறவர்களை வரவேற்க அத்தர் மணம். அவர் புடவை கட்டும் பாங்கையும் கூந்தலில் பூ வைக்கும் அழகையும் பார்த்து, பெரிய இடத்துப் பெண்மணிகள் தம் அலங்காரத்தை மாற்றிக்கொண்டனர். பெண்ணைப் பார்த்து நடிக்கக் கற்றவரைப் பார்த்து, பெண்கள் உடுத்தக் கற்றனர்!

பக்கவாத்தியத்திலும் அதே பெருந்தன்மைதான். காலால் மிதித்து இயக்கும் ஆர்கன் ஒருபுறம். காதர் பக்ஷின் சாரங்கி ஒருபுறம். பிற்காலத்தில் இந்தியா முழுவதும் பெயர் விளங்கிய அஹமத் ஜான் திரக்வாவின் தபலா ஒருபுறம். பெரிய சங்கீத சபைக்கு உரிய வித்துவான்களை நாடகக் கொட்டகையில் அமர்த்தி மாதச் சம்பளம் கொடுத்தவர் அவர். நாடகம் இரவில் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஒன்ஸ்மோர் என்னும் கூக்குரல் எழுந்தால் பாட்டு மீண்டும் தொடங்கும். நம் கிட்டப்பாவின் கொட்டகையில் எழுந்த அதே கூக்குரல்தான்! ஒவ்வொரு முறையும் புதுப்புதுச் சங்கதிகளுடன் பாடினார்; ஆனால், சொல்லின் பொருளைச் சுரம் விழுங்க விட்டதில்லை. இராகத்தின் இலக்கணம் அறியாத கடைத்தெரு மனிதனும் அவர் பாட்டின் வழியாகப் பீம்பலாசையும் யமனையும் காதால் அடையாளம் கண்டான். பெரிய இசையை எளிய வாயில்களுக்குக் கொண்டு சேர்த்தது அவர் செய்த தொண்டுகளுள் தலையாயது என்று நாம் கருதுகிறோம்.

இரண்டு பாத்திரங்கள் அவருடைய திறத்தின் இரு கரைகளாக விளங்கின. ஒன்று, 1916 டிசம்பர் 10-இல் அரங்கேறிய சுயம்வரம் நாடகத்தின் ருக்மிணி. தமையன் சிசுபாலனுக்குத் தன்னைக் கொடுக்க முனைய, கண்ணனையே நினைந்துருகும் அவ்விளநங்கைக்குக் குரு பகலேயே மெட்டுக்கள் அமைத்துக் கொடுத்தார். மேடையில் ருக்மிணி தோன்றும் கணத்திற்காகவே மக்கள் மீண்டும் மீண்டும் வந்தனர்.

மற்றொன்று சிந்து. ராம் கணேஷ் கட்கரி எழுதிய ஏகச் பியாலா, அதாவது ஒரே ஒரு கிண்ணம், என்னும் நாடகத்தின் தலைவி. ஒரே ஒரு கிண்ணம் என்று தொடங்கிய குடி, சுதாகரன் என்னும் அறிவாளியான வக்கீலை எவ்வாறு அழித்தது, அவன் மனைவியையும் மகவையும் எவ்வாறு பலிகொண்டது என்பதே கதை. 1919 ஜனவரி 23-இல் கட்கரி இளவயதிலேயே மறைந்தார். தம் நாடகம் பிப்ரவரி 20-இல் பரோடாவில் மேடையேறியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சுதாகரனாகப் போடஸ் நடித்தார். பைட்டணிப் பட்டுக்குப் பெயர்போன பாலகந்தர்வர், இதில் ஒட்டுப்போட்ட கிழிந்த புடவையில் வந்தார். வயிற்றுப்பாட்டுக்காகச் சிந்து திரிகை சுற்றி மாவரைக்கிறாள். மடியிற் கிடக்கும் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். அலங்காரத்தால் மயக்குகிறவர் என்று அவரைக் குறை கூறியவர்கள், சிந்துவைக் கண்டபின் வாய் திறக்கவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த நாளில் சிரித்து நடித்தவர், எட்டாண்டுகள் கழித்து மேடையில் தாயாக அழுதார். அவ்வழுகையில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நினைவு என்று பிரித்துச் சொல்ல யாரால் இயலும்?

1921 ஜூலை 8-ஆம் நாள் பம்பாயில் நடந்தது இன்றும் பேசப்படும் ஒரு நிகழ்ச்சி. அப்போது மராட்டிய மேடையில் பாலகந்தர்வருக்கு இணையாக நின்றவர் கேசவராவ் போஸ்லே ஒருவரே. லலிதகலாதர்சம் என்னும் குழுவின் தலைவர் அவர். இருவருடைய ரசிகர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்து வழக்காடிய காலம் அது. அக்கட்சிகளை மறந்து, திலகர் சுயராஜ்ய நிதிக்காக இருவரும் ஒரே மேடையில் மானாபமானத்தை நடித்தனர். போஸ்லே தைரியதரன், பாலகந்தர்வர் பாமினி. தமக்குப் பெயரிட்ட தலைவர் மறைந்து ஓராண்டு நிரம்பாத வேளையில், அவர் பெயரால் எழுந்த நிதிக்குத் தம் கலையையே காணிக்கையாக்கினார். போட்டியிட்ட இரு குரல்களும் ஒன்றையொன்று தாங்கிப் பாடின. ஆனால், அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாளே போஸ்லே காலமானார்.

வெளியே இவ்வளவு ஒளி. உள்ளே கணக்குப் புத்தகத்திலோ இருள் சூழ்ந்துகொண்டிருந்தது. பாலகந்தர்வருக்குச் சுரக் கணக்குத் தெரியும். வரவுசெலவுக் கணக்குத் தெரியாது. 1920-இல் திரௌபதி நாடகத்திற்காக மயன் சமைத்த மண்டபத்தை மேடையில் காட்டப் பெரும்பொருள் செலவிட்டார். மண்டலியில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே பந்தி, ஒரே சாப்பாடு. வந்தவர் எவரையும் வெறுங்கையுடன் அனுப்பமாட்டார். 1921 அளவில் மண்டலியின் கடன் லட்ச ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. ஒரு லட்சம் என்பது அந்நாளில் எத்துணைப் பெரிய தொகை என்பதை மூத்தோர் அறிவர். மண்டலியைக் கலைத்துவிட்டு, கைவிரித்திருக்கலாம். அவர் அது செய்யவில்லை. ஆடியே அடைப்பது என்று உறுதிபூண்டார். கடன் கொடுத்தோரின் மேற்பார்வைக்கு உட்பட்டு, ஊர் ஊராகச் சென்று, இரவிரவாகப் பாடி, ஏறக்குறைய ஏழாண்டுகளில் அக்கடனைத் தீர்த்தார். மக்கள் கொட்டகையை நிரப்பினர். அவர் வாக்கை நிறைவேற்றினார். தாய்தந்தையர் என்று அவர் அழைத்தவர்கள், அந்த ஏழாண்டுகளில் மெய்யாகவே அவரைத் தாங்கினர் என்று கூறவேண்டும்.

ஆனால், காலத்திற்கு அத்தகைய பரிவு இல்லை. 1920-களின் இறுதியில் ஹீராபாய் பரோடேகர் போன்ற தேர்ந்த பாடகியரே மேடையேறத் தொடங்கினர். பெண்ணின் பாத்திரத்தைப் பெண்ணே ஏற்பது நியாயம். அந்நியாயத்தை மறுப்பார் இல்லை. 1931-இல் பேசும்படம் வந்தது. ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடாத அத்திரையை நோக்கியே மக்கள் ஓடினர். அவ்வாண்டிலேயே கானோபாத்திரா என்னும் நாடகத்தில் பண்டரிநாதனைச் சரணடைந்த பக்தையாக அவர் நடித்தார். அதன் பக்திப் பாடல்கள் பெரிதும் விரும்பப்பட்டன. ஆயினும், ஒரு வெற்றியால் வெள்ளத்தைத் தடுக்க இயலவில்லை. மண்டலி தளர்ந்தது.

பிரபாத் பிலிம் கம்பெனி அவரை அழைத்தது. 1935-இல் வி. சாந்தாராம் இயக்கிய தர்மாத்மா படத்தில், தீண்டாமையை மறுத்த பைட்டணத்து ஏகநாத முனிவராக, ஆண் வேடத்தில் நடித்தார். மகாத்மா என்று முதலில் வைத்த பெயரைத் தணிக்கையாளர் ஏற்காமையால் பெயர் மாற்றப்பட்ட படம் அது. நல்ல படந்தான், நல்ல ஊதியந்தான். ஆனால், அவர் அங்கே நிலைக்கவில்லை. கண் சிமிட்டாத காமிராவின் முன், கைதட்டலும் பெருமூச்சும் இல்லாத கூடத்தில், யாரை நோக்கிப் பாடுவது? எதிரே தாய்தந்தையர் இல்லாத மேடை அவருக்கு மேடையாகத் தோன்றவில்லை. வருமானத்தை விட்டுவிட்டுக் கொட்டகைக்கே திரும்பினார்.

கர்நாடகத்தைச் சேர்ந்த பாடகி கோஹர்பாய் பின்னர் மண்டலியில் சேர்ந்தார். பாலகந்தர்வரின் இசைத்தட்டுக்களைக் கேட்டுக் கேட்டு அவர் பாணியைத் தம் குரலில் ஏற்றிக்கொண்டவர் அவர். தலைவியின் பாத்திரங்களை அவரே ஏற்க, பாலகந்தர்வர் ஆண் பாத்திரங்களில் தோன்றினார். இங்கேதான் நாம் தொடக்கத்திற் கூறிய இரண்டு படங்களின் கதை வெளிப்படுகிறது. மக்கள் அவரை ஆணாக ஏற்கவில்லை. அவர்கள் தேடி வந்தது ருக்மிணியை, சிந்துவை. முப்பதாண்டுகளாக அவர் வளர்த்த உருவம், வளர்த்தவரையே மேடையில் நிற்கவிடாமல் தள்ளிற்று. ஆகவே, அறுபதைத் தாண்டிய பின்னும், முகம் சுருங்கி உடல் பருத்த பின்னும், அவ்வப்போது அவர் புடவை கட்டி மேடையேறினார். பழைய ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டனர். கண்ணைத் திறந்த இளைஞர்களுக்கோ, அங்கே ருக்மிணி தெரியவில்லை.

அவ்வை வேடத்திற்காகத் தம் பற்களையும் இழந்த நம் தி. க. சண்முகம் அவர்களை நினைத்துக்கொள்கிறோம். 1942 முதல் அவ்வையாராக நடித்து, அப்பெயரையே தம் பெயரின் முன் பெற்றவர் அவர். ஆனால், அவர் ஏற்றது மூதாட்டியின் வேடம். வயது ஏற ஏற வேடம் பொருந்தியே வந்தது. பாலகந்தர்வர் ஏற்றதோ என்றும் இளநங்கையின் வேடம். முதுமை சண்முகம் அவர்களுக்குத் துணை நின்றது, பாலகந்தர்வருக்குப் பகையாயிற்று.

பிற்காலத்தில் கால்கள் வலுவிழந்தன. மேடையில் நிற்க இயலாத நிலையில், அமர்ந்தபடியே அபங்கங்களும் பஜனைகளும் பாடினார். பொன்னும் பட்டும் போயின; குரலில் இருந்த இனிமை முற்றிலும் போகவில்லை. 1955-இல் சங்கீத நாடக அகாதெமி விருது வந்தது. 1964-இல் பத்மபூஷண் வந்தது. அதே 1964-இல் கோஹர்பாயும் மறைந்தார். 1962-இல், புனேயில் தம் பெயரால் எழவிருந்த நாடக அரங்கிற்கு அவரே அடிக்கல் நாட்டியிருந்தார். எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே போன்றோரின் முயற்சியால் உருவான அவ்வரங்கு 1968 ஜூன் 26-இல், அவருடைய பிறந்தநாளன்று திறக்கப்பட்டது. ஆனால், அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே, 1967 ஜூலை 15-ஆம் நாள், அவர் கண்ணை மூடிவிட்டார். தாம் கல் நாட்டிய மேடையில் ஒரு பாட்டுப் பாட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்று அவர் குரலை மூன்று நிமிட இசைத்தட்டுக்களின் வழியாகத்தான் கேட்க முடிகிறது. இரவெல்லாம் பாடியவரின் இசையை மூன்று நிமிடத்தில் அளப்பது, கோதாவரியைக் கமண்டலத்தில் முகந்து காட்டுவது போன்றது. எனினும் அந்தக் கமண்டலத்து நீரும் கோதாவரி நீரே. அவர் பாடிய நாடகப் பாடல்களை மராட்டிய நாட்டில் இளம் பாடகர் இன்றும் போட்டியிட்டுப் பயில்கின்றனர். 2011-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது.

அவருடைய வாழ்விலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? கணக்கறியாது செலவிடுக என்பதன்று. வீட்டை மறந்து மேடையே கதி என்றிருக்க என்பதும் அன்று. அவ்விரண்டினாலும் அவரும் அவரைச் சார்ந்தோரும் பட்ட துன்பத்தை மறைக்காமலே சொல்லியிருக்கிறோம். நாம் போற்றுவது வேறு. எதிரே அமர்ந்திருப்பவரைத் தமக்குக் கடன்பட்டவராக அவர் ஒருநாளும் எண்ணவில்லை. தாமே அவர்களுக்குக் கடன்பட்டவர் என்று எண்ணினார். அக்கடனைத் தம் மகவை இழந்த நாளிலும் தவணை தவறாது செலுத்தினார். ஆனால், அவர் முதுமையுற்றபோது அவரைச் சார்ந்து நம் கடன் யாது என்பதை ரசிகர் கூட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. தாய்தந்தையர் என்று அழைக்கப்படுவது எளிது. தாய்தந்தையராக நடந்துகொள்வது அரிது.

நம் சங்க மேடையில், அலுவலகம் விட்டு வந்து, இரவு வெகுநேரம் ஒத்திகை பார்த்து, ஊதியம் ஏதுமின்றி அரிதாரம் பூசிக்கொள்ளும் இளைஞர்களும் நங்கையரும் இருக்கின்றனர். அவர்கள் பாலகந்தர்வர் அல்லர். ஆயினும் அவர்கள் நம்மை நோக்கியே பாடுகின்றனர். ஆண்டுவிழா நாடகத்தின் நடுவே எழுந்து சாப்பாட்டுப் பந்தியை நாடிச் செல்லும் நம்மில் சிலர், அன்று ஒருநாள் சற்றுப் பொறுத்து, திரை விழும்வரை அமர்ந்திருப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம். இம்மண்ணின் மாபெருங் கலைஞருக்கு, இம்மண்ணில் வாழும் தமிழர்களாகிய நாம் செலுத்தத்தக்க அஞ்சலியும் அதுவே.